மெனோபாஸுக்கு ஹார்மோன் மாத்திரை எடுத்தா கேன்சர் வரும்ங்கிறது உண்மையா?

கேள்வில எழுதியிருக்கறது இதுதான்: அக்காவுக்கு 49 வயசு, ஒரு வருஷத்துக்கு மேல பீரியட்ஸ் இல்ல, ராத்திரி நைட்டி நனையற அளவுக்கு வேர்த்து எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க, லேடி டாக்டர் ஹார்மோன் எழுதிக் குடுத்தாச்சு, ஆனா மாமா "அது கேன்சர் மாத்திரை, தொடாத"ன்னு சீட்டை வாங்கி பீரோவுல வச்சுட்டார். நெட்ல பாத்தா பாதி பேர் விஷம்ங்கறாங்க, பாதி பேர் அமிர்தம்ங்கறாங்க, எதை நம்பறது.

மாமா ஒண்ணும் காத்துல கேட்டதைச் சொல்லல. அந்த பயம் பிறந்த தேதியே இருக்கு, 2002 ஜூலை 9. அன்னிக்கு அமெரிக்காவுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் உங்க அக்காவுக்கு அது எவ்வளவு பொருந்தும்னு சொல்ல முடியும். நான் டாக்டர் இல்லைங்க. கிளினிக்கல் டிரையல் டேட்டா சரிபார்க்கிற வேலை, அதோட நானும் மெனோபாஸ் தாண்டி ஹார்மோன் எடுத்துக்கற ஆளு. அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

ஈஸ்ட்ரோஜன்ங்கறது பொம்பளைங்க உடம்புல சுரக்கற ஹார்மோன், மெனோபாஸ்ல குறைஞ்சுடும். அந்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அங்க 1942லயே மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு. பிரிமாரின்னு பேரு, சினையா இருக்கற குதிரையோட மூத்திரத்துல இருந்து எடுக்கறது. அறுபதுகள்ல லட்சக்கணக்கான பொம்பளைங்க அதை முழுங்கினாங்க. 1975ல ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியா எடுக்கறவங்களுக்கு கர்ப்பப்பை உள்சுவர்ல கேன்சர் கூடுதுன்னு வெளிய வந்துச்சு. காரணம் நேரானதுதான், ஈஸ்ட்ரோஜன் அந்தச் சுவரை வளர வைக்கும், மாசா மாசம் அதை அடக்கி உதிர வைக்கறது புரோஜெஸ்டிரோன்ங்கற இன்னொரு ஹார்மோன். ஒண்ணு இருந்து இன்னொண்ணு இல்லைன்னா சுவர் தடிச்சுக்கிட்டே போகும். அதனால கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு ரெண்டும் சேத்துக் குடுக்கணும்னு முடிவாச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அக்கா விஷயத்துல மறுபடி வரும்.

அடுத்து ஒரு பெரிய ஆசை கிளம்புச்சு. 1976ல ஆரம்பிச்ச நர்ஸுகள் ஆய்வுல ஒரு லட்சத்துக்கும் மேல நர்ஸுங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க, ஹார்மோன் எடுத்தவங்களுக்கு மாரடைப்பு குறைவா தெரிஞ்சுது. அப்ப இது இதயத்தையும் காப்பாத்தும் போலன்னு டாக்டர்கள் சூடு, வேர்வை ஒண்ணும் இல்லாத 65 வயசுப் பாட்டிக்குக்கூட எழுத ஆரம்பிச்சாங்க. இதுல ஒரு ஓட்டை இருக்கு, எங்க வேலையில தினம் பாக்கற ஓட்டை. தானா விரும்பி ஹார்மோன் எடுக்கறவங்க யாரு? டாக்டர்கிட்ட ஒழுங்கா போறவங்க, கையில காசு இருக்கறவங்க, உடம்பைப் பாத்துக்கறவங்க. அவங்களுக்கு மாரடைப்பு குறைஞ்சா அது மாத்திரையாலயா, வாழ்க்கை வசதியாலயா? பிரிச்சுச் சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு டம்மி மாத்திரைன்னு பிரிச்சு டிரையல் நடத்தினாத்தான் தெரியும்.

அதைத்தான் செஞ்சாங்க. 1991ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முதல் பெண் இயக்குநரா வந்தவங்க பெர்னடீன் ஹீலி, இதய டாக்டர். அதுவரைக்கும் இதய ஆராய்ச்சின்னாலே பெரும்பாலும் ஆம்பளைங்களை வச்சுத்தான். அவங்க வந்து விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு ஒரு மாபெரும் திட்டத்தை ஆரம்பிச்சு வச்சாங்க. அதுல கர்ப்பப்பை இருக்கற 16,608 பேருக்கு, பாதிப் பேருக்கு பிரிமாரினும், புரோஜெஸ்டிரோன் வேலையைச் செய்யற ஒரு செயற்கை மருந்தும் (புரோஜெஸ்டின்) சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு டம்மி. எட்டரை வருஷம் ஓட வேண்டியது, சராசரியா 5.2 வருஷத்துலயே நிறுத்திட்டாங்க, மார்பகப் புற்று முன்னாடியே போட்டு வச்ச எல்லைக் கோட்டைத் தாண்டிடுச்சுன்னு. ஜூலை 9 அன்னிக்கு பிரஸ் மீட், கட்டுரை அச்சானதோ ஜூலை 17 தேதியிட்ட இதழ்ல. நடுவுல டாக்டருக்கு முன்னாடி பேஷண்ட் டிவியில பாத்துட்டாங்க. "மார்பகப் புற்று 26% அதிகம்"ங்கறதுதான் உலகம் முழுக்கப் போன வரி. மாமா காதுக்கு வந்ததும் அதோட வால்தான்.

இப்ப அந்த 26%ஐப் பிரிச்சுப் பாக்கலாம். டம்மி எடுத்தவங்கள்ல வருஷத்துக்கு 10,000 பேருக்கு 30 பேருக்கு மார்பகப் புற்று வந்துச்சு, ஹார்மோன் எடுத்தவங்கள்ல 38. 30க்கு மேல 8 ஏறினா 26% பக்கம் வரும், கணக்குல தப்பே இல்ல. ஆனா ஆளைப் பாத்துச் சொன்னா 10,000 பேர் ஒரு வருஷம் எடுத்தா 8 பேருக்குக் கூடுதல், அதாவது ஆயிரத்துக்கு ஒண்ணுக்கும் குறைவு. மாரடைப்பு வகையில 7 கூடுதல், ஸ்ட்ரோக் 8, நுரையீரல்ல ரத்தக்கட்டி 8. இந்தப் பக்கம் இடுப்பு எலும்பு முறிவு 5 குறைவு, பெருங்குடல் புற்று 6 குறைவு. மொத்த சாவு எண்ணிக்கையில வித்தியாசம் இல்ல. இதுல எந்த எண்ணும் பொய் இல்லைங்க, எந்த எண்ணை எடுத்துத் தலைப்புல வைக்கறாங்கங்கறதுலதான் பயம் ஏறுது.

இதை விட முக்கியமா நான் கேக்கறது ஒண்ணுதான், டிரையல்ல இருந்தது யாரு? வயசு 50லேர்ந்து 79 வரைக்கும், சராசரி 63. ஐம்பதுகள்ல இருந்தவங்க மூணுல ஒரு பங்குதான். கிட்டத்தட்ட பாதிப் பேர் சிகரெட் பிடிச்சவங்க, இல்ல அப்பவும் பிடிச்சுக்கிட்டிருந்தவங்க. சூடு வேர்வையில அவதிப்படறவங்களுக்கு டம்மி குடுத்தா உடனே தெரிஞ்சுடும், அவங்க பாதியில விட்டுட்டும் போயிடுவாங்க, அதனால அந்த மாதிரி ஆளுங்க டிரையல்ல கம்மி. ஏன்னா கேள்வியே "வயசான பொம்பளைக்கு இதயத்தைக் காப்பாத்துமா"ங்கறது. அதுக்கு வந்த பதில் "இல்ல, காப்பாத்தாது". அந்தப் பதிலைத் தூக்கிட்டு வந்து, பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆன, தூக்கம் கெட்டுப்போன 49 வயசு அக்கா மேல அப்படியே போத்திட்டாங்க.

2007ல அதே ஆளுங்களே அதே டேட்டாவை வயசு வாரியா பிரிச்சுப் பாத்தப்ப, பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சவங்களுக்கு மாரடைப்பு கூடலை, 20 வருஷம் கழிச்சு ஆரம்பிச்சவங்களுக்குத்தான் கூடற போக்கு தெரிஞ்சுது. ஞாபக மறதி நோய் ரெண்டு மடங்குன்னு ஒரு செய்தி ஓடுச்சே, அதுவும் 65க்கு மேல இருந்தவங்களை மட்டும் வச்சுப் பாத்தது. 2017ல, அடுத்து சொல்லப்போற டிரையலையும் சேத்து 18 வருஷ கணக்கு வந்துச்சு, ஹார்மோன் எடுத்தவங்கள்ல இறந்தது 27.1%, டம்மியில 27.6%. அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னை ரொம்ப ஆச்சரியப்பட வச்சது இன்னொரு டிரையல், அதை யாரும் ஃபார்வர்டு பண்றதே இல்ல. கர்ப்பப்பை எடுத்துட்ட 10,739 பேருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியா. 2004ல அதையும் நிறுத்தினாங்க, ஸ்ட்ரோக் கூடுதுன்னு, வருஷத்துக்கு 10,000 பேருக்கு 12 பேர் கூடுதல். ஆனா மார்பகப் புற்று கூடவே இல்ல, குறைஞ்சிருந்துச்சு! 2020ல 20 வருஷ கணக்கு வெளிய வந்தப்பவும் அதேதான், மார்பகப் புற்றால சாவும் அந்தக் குழுவுல குறைவு. அப்ப "ஹார்மோன்"னு மொத்தமா ஒரு பேர் வச்சுத் திட்டறதே சரியில்ல, எந்த ஹார்மோன், எதோட சேர்த்து, எந்த வயசுலங்கறதுல எல்லாமே மாறுது.

அதுக்காக இன்ஸ்டாகிராம்ல சில பேர் சொல்ற மாதிரி "2002 ஆய்வே மோசடி"ன்னு நான் சொல்ல மாட்டேன். சேர்ப்பு மாத்திரையில மார்பகப் புற்று கூடறது நிஜம், வருஷம் ஆக ஆக கூடும். 2002க்கு அப்புறம் அங்க கூட்டம் கூட்டமா மாத்திரையை விட்டாங்க, 2003ல அமெரிக்காவுல மார்பகப் புற்று கிட்டத்தட்ட 7% குறைஞ்சுது, ஹார்மோனை விட்டதுதான் முக்கிய காரணமா இருக்கும்னு நிறைய ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இன்னொரு பக்கம், ஓவரியை எடுத்துட்ட 38, 40 வயசுப் பொண்ணுங்களுக்குக்கூட அந்த பயத்துல ஹார்மோன் குடுக்காம விட்ட கதைகளும் உண்டு. அவங்களுக்குத்தான் எலும்புக்கும் இதயத்துக்கும் அது ரொம்பத் தேவை, இயல்பா பீரியட்ஸ் நிக்கற வயசு வரைக்குமாவது குடுக்கணும்னுதான் இன்னிக்கு வழிகாட்டுதல் எல்லாம் சொல்லுது. எனக்குக் கோவம் வர்றது இந்த இடத்துலதான். இந்த டிரையல்ல 50க்குக் கீழ ஒருத்தர்கூட இல்ல, ஆனா பயம் மட்டும் அவங்களுக்கும் பங்கு வச்சுக் குடுத்தாச்சு.

2025 நவம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாக்கெட் மேல இருந்த கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையில இதயம், மார்பகப் புற்று, ஞாபக மறதி பத்தின பகுதியை எடுக்கப்போறதா அறிவிச்சாங்க. கர்ப்பப்பை உள்சுவர் கேன்சர் பத்தின எச்சரிக்கை தனி ஈஸ்ட்ரோஜனுக்கு அப்படியே இருக்கும்.

நான் எடுக்கறது ஜெல். குளிச்சு முடிச்சு ஈரம் போனதும் மேல் கையில தடவி, சானிட்டைசர் மாதிரி ஒரு வாடை வரும், அது போய் தோல் காயற வரைக்கும் பிளவுஸ் போடாம நைட்டியோட சுத்தறது, அப்புறம் கையைக் கழுவறது. தடவின இடத்துல குழந்தைங்க ஒட்டிக்கக் கூடாது, எங்க அக்கா மகன் புள்ளை வீட்டுக்கு வந்தா அதுக்குன்னே முழுக்கை போட்டுக்கறேன். ராத்திரி ஒரு புரோஜெஸ்டிரோன் மாத்திரை, அது கொஞ்சம் தூக்கம் வேற வர வைக்குது, லாபம்தான். தோல் வழியா போறது முதல்ல ஈரலுக்குப் போகாது, அதனால ரத்தம் கட்டற தன்மை மாத்திரை அளவுக்குக் கூடறதில்லன்னு பின்தொடர்ந்து பாத்த ஆய்வுகள் சொல்லுது. ஆனா நியாயமா சொல்லணும்னா ஜெல்லுக்கு அந்த 16,608 பேர் மாதிரி பெரிய டிரையல் யாரும் நடத்தலை. "இது இயற்கையானது, ஒண்ணுமே ஆகாது"ன்னு யாராவது வித்தா அவங்களையும் நம்பாதீங்க.

இப்ப உங்க அக்கா விஷயம். கர்ப்பப்பை இருக்கா, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சான்னு நீங்க சொல்லலை. இருந்தா ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியா எழுதியிருக்கக் கூடாது, கூட புரோஜெஸ்டிரோன் இருக்கணும், சீட்டை பீரோவுல இருந்து எடுத்து முதல்ல அதைப் பாருங்க. 60 வயசுக்குள்ள, பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள இருந்து, வேற தடை இல்லாம, இந்தளவு அவஸ்தையும் இருந்தா நன்மைதான் அதிகம்னு வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022ல சொல்லியிருக்கு, அக்கா அந்தக் கட்டத்துலதான் வர்றாங்க. தடைன்னா மார்பகப் புற்று வந்தவங்க, காலுலயோ நுரையீரல்லயோ ரத்தம் கட்டினவங்க, ஸ்ட்ரோக், மாரடைப்பு, ஈரல் கோளாறு, காரணம் தெரியாத ரத்தப்போக்கு. அம்மா, சித்தி, பெரியம்மா யாருக்காவது மார்பகப் புற்றோ ரத்தக்கட்டியோ இருந்துச்சுன்னா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க. பிபி பாத்துட்டு, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஒண்ணு எடுத்துட்டு ஆரம்பிக்கறது நல்லது.

மாமாவையும் அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. 26% என்னாச்சுன்னு அவரே கேக்கட்டும், டாக்டர் 30ம் 38ம் சொல்லுவாங்க. ஆரம்பிச்ச பிறகு முதல் சில மாசம் லேசா கறை படறது சகஜம்தான், ஆனா அது நிக்காம தொடர்ந்தாலோ, எல்லாம் அடங்கி நாளாச்சுன்ன பிறகு திடீர்னு ரத்தம் பட்டாலோ, "ஹார்மோனாலதான்"னு விட்டுடாம ஸ்கேன் எடுத்து உள்சுவர் தடிமன் எவ்வளவுன்னு பாத்துடச் சொல்லுங்க.