தீயணைப்புத் துறையின் சிறப்பு ஏணிகளை ஆபத்தில்லாமல் கையாள்வது எப்படி?

கேள்வி கேட்டவர் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். கயிற்றை இழுத்து உயரம் கூட்டும் நீள்ஏணி பழகிவிட்டதாம். ஆனால் ஸ்டோரில் கொக்கி ஏணி, கூரை ஏணி, நூலேணி என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏதாவது விதி உண்டா என்று கேட்கிறார்.

நான் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் தீயணைப்போராகச் சேர்ந்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். பொது விதி என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதல் படியில் கால் வைக்கும் முன், என் எடையை எது தாங்கப்போகிறது என்று பார்த்துக்கொள்வது. சுவரில் சாய்த்த ஏணியில் அநேகமாக மொத்த எடையும் தரைக்குத்தான் போகும், சுவர் சாய்வை மட்டும் தாங்கும். அதனால்தான் காலடியில் ஒரு ஆள் மிதித்து நிற்கிறார். கொக்கி ஏணிக்குத் தரையே கிடையாது. கூரை ஏணியை முகடு தாங்குகிறது. நூலேணியை மேலே கட்டிய முடிச்சு தாங்குகிறது. நீள்ஏணியில் பழகிய கண் தன்னையறியாமல் காலடியையே பார்க்கும். இந்த மூன்றிலும் பார்க்க வேண்டிய இடம் தலைப்பக்கம்.

நீள்ஏணி பழகிவிட்டது என்கிறீர்கள், ஆனாலும் இரண்டு வார்த்தை. சாய்வுக்கு நாலுக்கு ஒன்று கணக்கு: 10 மீட்டர் உயரத்துக்குச் சுவரிலிருந்து இரண்டரை மீட்டர். டேப் தேவையில்லை. ஏணியின் காலில் உங்கள் கால்விரல் படும்படி நிமிர்ந்து நின்று கையை நேராக நீட்டினால், தோள் உயரப் படியில் உள்ளங்கை பட வேண்டும். கயிற்றை இழுத்து மேல்பாகத்தை ஏற்றியதும் அதைத் தாங்கும் இரண்டு பக்கத்துப் பூட்டுக் கொக்கிகளும் (ஆங்கிலத்தில் ‘pawl’) படியில் உட்கார்ந்துவிட்டனவா என்று கண்ணால் பாருங்கள். ‘டக்’கென்ற சத்தம் ஒரு பக்கம் உட்கார்ந்தாலும் கேட்கும். ஏற்றி இறக்கும்போது ஏணியைப் பிடித்திருப்பவர் அதன் பக்கக் கட்டையின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும், விரலை உள்ளே சுற்றக் கூடாது. மேல்பாகம் சறுக்கி இறங்கினால் முதலில் போவது விரல்தான்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. தீயணைக்கும் இடத்தில் தரை மாறிக்கொண்டே இருக்கும். ஏணி வைக்கும்போது கெட்டியாக இருந்த மண், ஹோஸ் தண்ணீர் ஓடிப் பத்து நிமிடத்தில் சேறாகிவிடும். ஒரு கால் மட்டும் அரை அடி இறங்கினால் மேலே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். மிதித்து நிற்பவர் மேலே வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழே பார்க்க வேண்டும்.

இனி கொக்கி ஏணி. சுமார் 13 அடி நீளம், ஒரே ஆள் தூக்கும் எடை, தலையில் மடக்கி நீட்டும் எஃகுக் கொக்கி, அதன் அடிப்பக்கம் ரம்பம் மாதிரிப் பற்கள். நீள்ஏணி எட்டாத மாடிக்கு ஜன்னல் ஜன்னலாக ஏறுவதற்கென்றே வந்தது. நியூயார்க்கில் 1884 ஏப்ரலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்தபோது, ஏணி எட்டாத உயரத்தில் மாட்டிக்கொண்டவரை ஜான் பின்ஸ் என்ற வீரர் இதைக் கொண்டுதான் இறக்கினார். லண்டனில் 1902இல் குயின் விக்டோரியா தெருத் தீயில் ஏணி எட்டாமல் இளம்பெண்கள் பலர் இறந்த பிறகுதான் அங்கே கொக்கி ஏணியைக் கொண்டுவந்தார்கள். இன்று அந்த ஊர்களில் எல்லாம் இதை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ரஷ்யா போன்ற நாடுகளில் விளையாட்டாகவே நடத்துகிறார்கள். 1937இல் சோவியத் நாட்டில் தொடங்கியது. நல்ல வீரர் பதினான்கு நொடிக்குள், தரைத்தளத்தையும் சேர்த்து நான்காவது தளத்தின் ஜன்னலுக்குள் குதித்துவிடுவார். வீடியோ பார்த்துவிட்டு நீங்களும் கிளம்ப வேண்டாம். அவர் இடுப்பில் மேலிருந்து கயிறு இருக்கிறது, கீழே மெத்தை இருக்கிறது.

ஏறும் முறை இது. ஏணியைச் சுவரோடு ஒட்டிச் செங்குத்தாகத் தூக்குங்கள். கொக்கி வெளிப்பக்கம் பார்த்தபடி மேலே போகட்டும், இல்லையென்றால் வழியில் எதிலாவது மாட்டும். ஜன்னல் வந்ததும் உள்பக்கம் திருப்பி, கொக்கி முழுவதும் உள்ளே போனபின் இறக்குங்கள். ஜன்னல் கட்டையின் உள்விளிம்பைப் பற்கள் கவ்வ வேண்டும். கொக்கியின் நுனி மட்டும் கட்டை மேல் உட்கார்ந்திருந்தால், கீழிருந்து பார்க்க எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் இரண்டு கையாலும் ஒரு படியைப் பிடித்து உடம்பின் எடையோடு கீழ்நோக்கி ஒரு வெட்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கொக்கி அசைந்தால் எடுத்து மறுபடி வையுங்கள்.

ஏறும்போது இழுவை எப்போதும் நேர் கீழாக இருக்க வேண்டும். உடம்பை வெளியே சாய்த்தால் ஏணியின் அடி சுவரை விட்டு விலகி ஆடும், ஆட ஆடக் கொக்கி நகரும். இடுப்பைச் சுவர்ப்பக்கம் ஒட்டி, படியை மார்பு உயரத்தில் பிடித்து, தொடையால் ஏறுங்கள். பயத்தில் கையால் இழுத்து ஏறுகிறவருக்கு இரண்டாவது மாடியில் விரல் மரத்துப்போகும். எனக்குச் சொல்லிக்கொடுத்த டிரில் மாஸ்டர் கீழே நின்று கத்திக்கொண்டே இருப்பார்: "கீழ பாக்காத, மேலயும் பாக்காத, கொக்கியப் பாருடா!" ஜன்னலுக்கு வந்ததும் கட்டையின் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, இடுப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டிய பிறகுதான் கை இரண்டையும் விட்டு அடுத்த மாடிக்கு ஏணியைத் தூக்க வேண்டும். ஒரு கொக்கி ஏணியில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும். மேலிருந்து பாதுகாப்புக் கயிறு இல்லாமல் பயிற்சி வேண்டாம், முதல் மாடிதானே என்றாலும் சரி.

நம் ஊர்க் கட்டடங்களில் இதற்கு இரண்டு எதிரி. ஒன்று ஜன்னல் கம்பி: கொக்கி உள்ளே போனாலும் மனிதன் வெளியே வர முடியாது. மற்றொன்று சன்ஷேடு. அது வெளியே நீட்டிக்கொண்டு ஏணி போகும் வழியை மறிக்கும். மாட்ட இடம் கிடைத்தது என்று அதன் விளிம்பில் கொக்கியைப் போடாதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து, பூச்சு மட்டும் பார்வைக்கு நிற்கும் சன்ஷேடு எத்தனையோ. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் அப்படித்தான். ஒற்றைச் செங்கல் சுவரா என்று தட்டிப் பாருங்கள்.

கூரை ஏணிதான் தொழிற்சாலையில் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது. தலையில் இரண்டு கொக்கிகள் ஸ்பிரிங்கில் மடங்கி இருக்கும். தூக்கிச் செல்லும்போது மடங்கியே இருக்கட்டும். நீள்ஏணியின் அடியில் வந்து நிறுத்தியபின் விரித்துக்கொண்டு மேலே ஏற்றுங்கள். கூரை மேல் தள்ளும்போது கொக்கி வானத்தைப் பார்க்க வேண்டும். முகட்டைத் தாண்டியதும் ஏணியைப் புரட்டி, உங்கள் பக்கம் பலமாக இழுத்து உட்கார வையுங்கள். ஓட்டுக் கூரையில் முகட்டு ஓட்டின் மேல் கொக்கியைப் போட்டுவிட்டு ஏறுகிறார்கள். அந்த ஓடு சுண்ணாம்புக் கலவையில் நிற்கிறது, அதற்கு உங்கள் எடையைத் தாங்கும் வேலை இல்லை. அதைப் பெயர்த்துவிட்டு, கொக்கி முகட்டுக் கட்டையைப் பிடிக்கும்படி போடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஷீட்டின் மேல் நேராகக் காலை வைத்தால் உடைந்து உள்ளே விழுவீர்கள். ஏணியைப் படுக்க வைத்தால் எடை பரவி, கீழே ஓடும் குறுக்குச் சட்டங்களுக்குப் போகும். சட்டம் எங்கே என்று வெளியிலிருந்தே தெரியும்: போல்ட் தலைகள் வரிசையாகத் தெரியும் இடம். ஏணி குறைந்தது இரண்டு சட்டங்களின் மேல் படிந்திருக்க வேண்டும், ஏணியை விட்டு ஒரு அடிகூட இறங்கக் கூடாது. அதுவும் தீ அடியில் இல்லாதபோதுதான். சூடேறிய ஆஸ்பெஸ்டாஸ் வெடித்துச் சில்லுசில்லாகத் தெறிக்கும். உள்ளே எரியும் ஷெட் மேல் ஏறச் சொல்கிற மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

நூலேணி. தமிழ்நாட்டில் தீயைவிடக் கிணறுதான் எங்களை அதிகம் கூப்பிடும் என்று சொல்லத் தோன்றும் மாதங்கள் உண்டு. மாடு, ஆடு, சில நேரம் ஆள். நூலேணியில் நேராக, மரஏணி போல ஏறப் பார்த்தால் கால் முன்னே போய், முதுகு கீழே சாய்ந்து, கையில் தொங்குவீர்கள். ஏணியின் ஓரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு காலை முன்பக்கமிருந்தும் மறுகாலைப் பின்பக்கமிருந்து குதிகாலாலும் படியில் வையுங்கள். இரண்டு கைகளும் ஏணியைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் பிடிக்கட்டும். அப்படிச் செய்தால் ஏணி உங்கள் உடம்போடு நேராக நிற்கும். மேலே கயிற்றை வண்டியிலோ பருத்த மரத்திலோ கட்டுங்கள். கிணற்றுத் துலாக்கல்லை நம்ப வேண்டாம். கயிறு கிணற்று விளிம்பில் உராயும் இடத்தில் சாக்கை மடித்துப் போடுங்கள். இறங்குபவர் உடம்பில் தனியாக ஒரு கயிறு, அதைப் பிடிக்கத் தனியாக ஒரு ஆள். பாழுங்கிணறு, செப்டிக் டேங்க் என்றால் ஏணியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். சுவாசக் கருவி இல்லாமல் ஒருவர் இறங்கி, அவரை எடுக்க இன்னொருவர் இறங்கி, இப்படியே வரிசையாகச் செத்த கதை நம் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வருகிறது.

மடக்கு ஏணி உங்கள் பட்டியலில் இல்லை, குறுகிய இடத்துக்கானது. அமெரிக்கத் தர விதியில் சாதாரணத் தீயணைப்பு ஏணி தாங்க வேண்டிய எடை 750 பவுண்டு, அதாவது சுமார் 340 கிலோ. மடக்கு ஏணிக்கும் கொக்கி ஏணிக்கும் 300 பவுண்டு, சுமார் 136 கிலோதான். கவச உடை, சுவாசக் கருவி, கருவிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆளுக்கே அது சரியாகிவிடும்.

வண்டியில் பொருத்திய சுழல் ஏணியை அதற்கென்று பயிற்சி பெற்றவர் தவிர யாரும் தொடக் கூடாது. கீழே நிற்கும் நீங்கள் ஒன்று செய்யலாம்: வண்டி சாயாமல் தாங்கும் ஜாக் இறங்கும் இடம் சாக்கடை மூடியோ மண்ணடியில் மறைந்த குழியோ இல்லையா என்று இடம் தெரிந்தவர் என்ற முறையில் சொல்லுங்கள். ஏணி நீண்டுகொண்டோ சுருங்கிக்கொண்டோ இருக்கும்போது அதன் படிகளில் யாரும் நிற்கக் கூடாது. படிகள் ஒன்றை ஒன்று கடக்கும்போது காலை நறுக்கிவிடும்.

மின்சாரம் எல்லா ஏணிக்கும் பொது. அலுமினிய ஏணியை நிமிர்த்தும் முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். கம்பியிலிருந்து 3 மீட்டராவது தள்ளியிருங்கள். நிமிர்த்தும்போது ஏணி வளைந்து வரும் பாதையையும் கணக்கில் சேருங்கள். மின்வாரியம் லைனை நிறுத்திவிட்டதாக அவர்கள் வாயாலேயே சொல்லும்வரை காத்திருங்கள். நனைந்த மூங்கில் ஏணியும் ஷாக் அடிக்கும்.

தீயில் நின்ற அலுமினிய ஏணியை அப்படியே வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். வெப்பம் பட்டால் அலுமினியத்தின் பலம் போய்விடும், வடிவம் மாறாமலேயே போய்விடும். நல்ல ஏணிகளில் வெப்ப ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், சுமார் 150 டிகிரி செல்சியஸில் நிறம் மாறும். ஸ்டிக்கர் இல்லையென்றால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று ஆவியானால் அந்த ஏணியைத் தனியே வைத்து, எடைச் சோதனை முடியும்வரை யாரும் ஏறக் கூடாது என்று எழுதி மாட்டுங்கள். நூலேணியை ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள், வெயிலிலும் காயப்போடாதீர்கள், நிழலில் தொங்கவிடுங்கள். கொக்கி ஏணியில் கொக்கி மடங்கும் கீல்தான் முதலில் தேயும் இடம்.

பயிற்சிக்கு உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு நிர்வாகத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுங்கள், வந்து சொல்லித்தருவார்கள். அப்போது அவர்கள் கொண்டுவரும் ஏணியில் பழகாதீர்கள். உங்கள் ஸ்டோரில் இருக்கும் ஏணிகளையே வெளியே எடுத்து, உங்கள் ஷெட்டின் கூரையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.