குட்டி சைஸ்ல தஞ்சாவூர் பாணி மாதா படம்: கேட்டதுக்கெல்லாம் பதில்

4க்கு 6 இன்ச்ல நான் பண்ண வேளாங்கண்ணி மாதா படத்தைப் பாத்துட்டு ஆளாளுக்கு கேட்டீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: அக்கா, பெரிய படத்துக்குப் பண்ற அதே முறைதானா?

முறை அதேதான் தம்பி. பிளைவுட்ல துணி ஒட்டி, சாக் பவுடர் ஃபெவிகால் கலந்து ரெண்டு மூணு கோட் அடிச்சு, காஞ்சதும் எமரி ஷீட்ல தேய்ச்சு, ஸ்கெட்ச், கல்லு, மக் (டிசைனை மேடா எழுப்புற பசை), தங்க ஃபாயில், கடைசியாதான் பெயின்ட். ஆனா மக் உயரத்தைக் குறைக்கணும். என் முதல் குட்டி படத்துல பழக்கதோஷத்துல சேலை பார்டரை கனமா பிழிஞ்சிட்டேன், மாதா முகம் ஏதோ கிணத்துக்குள்ள இருந்து எட்டிப் பாக்குற மாதிரி ஆயிடுச்சு! மக் நிரப்புற மெஹந்தி கோன் நுனியை ஊசி அளவுக்கு வெட்டி நூல் மாதிரி இழுங்க, போதும். கல்லும் கிரீடத்துல மட்டும் பொடிக்கல்லா நாலஞ்சு.

கேள்வி: இமிடேஷன் ஃபாயில் போடலாமா?

பழகுறதுக்கு போடுங்க. நாளாக ஆக கறுத்துரும், அதனால யாருக்காவது குடுக்கிறதா இருந்தா 22 காரட்டே வாங்குங்க, இந்த சைஸுக்கு எவ்ளோ ஆகப்போகுது.

கேள்வி: சேலை நீலமாத்தான் இருக்கணுமா சிஸ்டர்?

வேளாங்கண்ணில மாதாவுக்கு பக்தர்கள் சேலை சாத்துறாங்க, கலர் மாறிட்டேதான இருக்கும், எனக்கு அரக்குதான் பிடிக்கும், தங்கத்தோட சேர்ந்தா தூக்கிக் குடுக்கும். ஆனா காலடியில இருக்கிற பிறை நிலாவை மறந்துராதீங்க, நிறைய பேர் சேலை மடிப்பை இறக்கி அதை மூடிடறாங்க.

கேள்வி: மாதா, குழந்தை இயேசு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒளிவட்டம் போட்டா தப்பா?

மரபுப்படி ஒளிவட்டத்துக்குள்ள சிலுவை வர்றது இயேசுவுக்கு மட்டும். இந்த அளவுல குழந்தை தலை பட்டாணி சைஸ்தான் இருக்கும், கிரீடம் மட்டும் வச்சிட்டு வட்டத்தை விட்டுடறதுதான் என் வழி.

கேள்வி: கண்ணு எப்பவும் முறைக்குதே?

கறுப்பு எடுக்காதீங்க, பிரவுன். மூணு ஜீரோ (000, ரொம்ப மெல்லிசான) பிரஷ்ல மேல் இமை மட்டும், கீழ கோடே வேணாம், பார்வை குழந்தை பக்கம் லேசா இறங்கட்டும்.

கேள்வி: ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி திருவிழா கொடியேத்தத்துக்குள்ள முடியுமா? ஃப்ரேமும் போடணும்.

மக் நல்லா காயணும், ஜூலைலயே ஆரம்பிங்க. கண்ணாடி, கல்லு மேல உரசாம பாக்ஸ் மாதிரி ஆழமான ஃப்ரேமா கேளுங்க, கடைக்காரர் சாதா ஃப்ரேமே போதும்பார், கேக்காதீங்க.