கை ஓங்கினால் யார் மேல் விழும்?

அன்புள்ள ஐயா,

சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கத்தியால் குத்தியது தப்புதான். ஆனால் குத்தியவனின் அம்மா அதே டாக்டரிடம் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளி என்பதை ஏன் யாரும் பேசவில்லை? என் அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த ஒன்பது நாளும் ஒரு டாக்டர்கூட நின்று பதில் சொல்லவில்லை. எனக்கே கை ஓங்கத் தோன்றியது. இதையும் எழுதுவீர்களா?

ர.

அன்புள்ள ர.,

எழுதுகிறேன். 2024 நவம்பர் 13 அன்று நடந்தது அது. அந்தத் தாயின் நோய் அன்றைக்கே எல்லாச் செய்தியிலும் வந்ததே, யார் மறைத்தார்கள்?

உங்கள் கோபத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். பெரிய டாக்டர் காலை ரவுண்ட்ஸில் வந்து போய்விடுவார். மிச்ச நேரமெல்லாம் நிற்பது பயிற்சி டாக்டரும் சிஸ்டரும்தான். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கைக்கு எட்டுபவர்கள் அவர்கள்தான்.

என் அத்தையோடு ஒரு வார்டில் இருந்தேன். ராத்திரி இரண்டு மணி. பக்கத்துக் கட்டில் பெரியவர் இறந்துபோனார். அவர் மகன், "டாக்டர் எங்கடி?" என்றான். "வந்துட்டே இருக்காங்க அண்ணா" என்று சிஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் அறை விழுந்தது. சிஸ்டரின் மூக்குக்கண்ணாடி தெறித்து அதன் ஒரு கம்பி கழன்றுவிட்டது. டிரேயிலிருந்து டிரிப்ஸுக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்துச் சுற்றி, அதை மறுபடி மாட்டிக்கொண்டு அத்தையிடம் வந்தார். கை நடுங்கியது. இரண்டு தடவை ஊசி நரம்பில் ஏறவில்லை. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான் மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

தமிழ்நாட்டில் இதற்கு 2008லேயே சட்டம் இருக்கிறது. நர்ஸுக்கும் அது பொருந்தும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம், குறைந்தது 3 வருடம், அதிகம் 10 வருடம். அது வந்து நாலு வருடத்தில், 2012 ஜனவரியில், தூத்துக்குடியில் ஒரு பெண் டாக்டரைக் கிளினிக்கிலேயே வெட்டிக் கொன்றார்கள். காகிதத்தில் பத்து வருடம் இருப்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

டாக்டர் பதில் சொல்லவில்லை என்றால், அரசு ஆஸ்பத்திரியில் நிலைய மருத்துவ அலுவலர் என்று ஒருவர் உண்டு. அவரிடம் எழுதிக் கொடுங்கள். பாதிப்பேருக்கு அப்படி ஒரு நாற்காலி இருப்பதே தெரியாது.

ராத்திரி வராத தைரியம் எனக்கு விடிந்ததும் வந்தது. "போலீஸுக்குப் போகலாமா சிஸ்டர், நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

"வேணாம் சார். கோர்ட்டுக்கு நான்தான் அலையணும், லீவு யார் தருவா? அம்மாவுக்கு பாட்டில் முடியப்போவுது, பாத்துக்கோங்க."