வாசகர் கேள்வி: மிருதங்கத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அறிவியல், தொழில்நுட்பம், கலை மூன்றையும் சேர்த்து எங்கள் ஊரில் ஒரு நாள் இலவசத் திருவிழா நடத்த ஆசை. ரோபோ, பெரிய திரை எல்லாம் சென்னையிலிருந்து வந்தால்தான் கூட்டம் கூடும் என்கிறார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? (அரசுப் பள்ளி ஆசிரியை, பாபநாசம்)

பதில்: ரோபோ வந்தால் வரட்டும் டீச்சர், ஆனால் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் விசாரித்து, மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவர், அதாவது தோல் கட்டிப் பழுது பார்க்கிறவர் ஒருவரை முதலில் கூப்பிடுங்கள். வலந்தலை, அதாவது வலது கைப் பக்கத்துத் தோல், அதன் நடுவில் கருப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, கரணை என்பார்கள், சோறு என்றும் சொல்வார்கள். கிட்டான் என்ற ஒருவகைக் கருப்புக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, தேய்த்துத் தேய்த்து அடுக்கடுக்காக ஏற்றுவது அது. அதை ஏன் ஏற்ற வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள், அந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் திருவிழா ஆரம்பித்துவிடும்.

வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், அடிநாதத்தின், அதாவது அதில் எழும் மிகத் தாழ்ந்த ஒலியின் அதிர்வெண்ணை 1 என்று வைத்துக்கொண்டால் அடுத்து எழுவது ஏறக்குறைய 1.59 மடங்கு, அதற்கடுத்தது 2.14 மடங்கு. ஒன்றோடொன்று சேராத எண்கள், அதனால் சத்தம் வரும், சுருதி நிற்காது. நடுவில் கனம் ஏறியதும் அந்த மடங்குகள் 2, 3, 4 என்று முழு எண்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன, அதனால்தான் மிருதங்கத்தைத் தம்பூராவோடு சேர்க்க முடிகிறது. இதை ஆராய்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் சர் சி.வி. ராமன், திருவானைக்காவலில் பிறந்த நம் காவிரிக்கரைக்காரர். அந்தக் காரணம் தெரியாமலே அதைக் காதால் கண்டுபிடித்து வைத்திருந்தவர்கள் வாத்தியம் செய்தவர்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவதைவிடப் பெரிய காட்சி எனக்குத் தெரியவில்லை.

மேடை வேண்டாம், ஒரு கோரைப்பாய் போதும். மூட்டு (தோல் பகுதி) மாற்றப்போகிற பழைய மிருதங்கமாகக் கேட்டு வாங்கி, வலந்தலை மேலே பார்க்க நிறுத்தி, சலித்த ஆற்று மணலை லேசாகத் தூவுங்கள். ஒரு பிள்ளை தோலின் மேல் விரல்நுனியை வைத்துக்கொள்ள, இன்னொருவர் வேறு இடத்தில் தட்டட்டும். மணல் துள்ளித் துள்ளி, அதிராத இடமாகப் பார்த்துக் கோடாகப் போய் உட்காரும், விரலை நகர்த்தினால் கோடும் மாறும். ராமனும் மணல் தூவித்தான் பார்த்தார். பக்கத்திலேயே கைபேசியில் அதிர்வெண் காட்டும் இலவசச் செயலி ஒன்றைத் திறந்து வைத்தால் தொழில்நுட்பமும் அதே பாயில் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் முட்டை ஓட்டின் அடியில் களிமண் அடைத்துத் தலையாட்டி பொம்மை செய்யச் சொல்லலாம், ஈர்ப்பு மையம் கையிலேயே தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், 'தொடாதே' பலகை வைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில், எட்டு வயதிருக்கும் பெண் குழந்தை ஒரு மாதிரி அணையின் மதகை விரலால் தூக்கிப் பார்த்தது. காவலுக்கு நின்றவர் கையைத் தட்டிவிட்டார். அந்தக் குழந்தை அதற்கப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே எல்லா மேசையையும் சுற்றி வந்தது, எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: இலவசம் என்றால் மதிப்பு இருக்காது, ஆளுக்கு 20 ரூபாயாவது வைக்கலாம் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். சரிதானா? (கல்லூரி மாணவர், மன்னார்குடி)

பதில்: இல்லை தம்பி. மூன்று பிள்ளைகளோடு வரும் அம்மாவுக்கு அது 80 ரூபாய், வாசலிலேயே திரும்பிவிடுவார். தேர் பார்க்க நாம் யாரும் டிக்கெட் வாங்கியதில்லை, தேருக்கு மதிப்பு குறைந்தா போயிற்று? 1987-இல் நாடு முழுக்க நடந்த அறிவியல் கலைப்பயணமும் தெருவில் நின்றுதான் ஆடிப் பாடி அறிவியல் சொன்னது. பந்தல், மைக்செட், மோர், சாப்பாடு என்று பொருளாக ஊரில் கேளுங்கள், நம் ஊரில் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இலவசம் என்பது பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும்தான். வார் பிடிக்கிறவருக்கும் கூத்துக் கட்டுகிறவருக்கும் ஒரு நாள் கூலியை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், பொன்னாடை போர்த்தி அனுப்பினால் அவர் வீட்டில் உலை கொதிக்காது.

கேள்வி: பாட்டி, அம்மாக்களுக்கு இதில் என்ன வேலை? (வாசகி, திருவாரூர்)

பதில்: கோலம் போடச் சொல்லுங்கள் அம்மா. கையெடுக்காமல் ஒரே இழையில் சிக்குக்கோலம் முடிகிற புள்ளிக் கணக்கு எது, இரண்டு மூன்று இழையாகப் பிரிகிற கணக்கு எது என்று பாட்டிகள் போட்டுக் காட்டட்டும், பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் கோலங்களைக் கணினிக்குப் புரியும் விதிகளாக, ஒரு மொழியின் இலக்கணம் போல ஆராய்ந்து 1974-இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எந்த மாதம் வைக்கலாம்? (விவசாயி, வலங்கைமான்)

பதில்: பிப்ரவரி கடைசி சனிக்கிழமை. 28-ஆம் தேதி தேசிய அறிவியல் நாள், சம்பா அறுவடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் என்பதுதான் இடைஞ்சல், அதனால் மைக்கை ஏழு மணிக்கே அணைத்துவிடுங்கள். அதற்கப்புறம் களத்தில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கச் சத்தமே தேவையில்லை.