கனவு வருகிறது, பதிவாகவில்லை

படுக்க 11:30 ஆகிறது, 4:30க்கு அலாரம், அசந்த தூக்கம். மனைவி தினமும் ஒரு கனவு சொல்கிறார், உங்களுக்கு வருடக்கணக்கில் ஒன்றுகூட ஞாபகமில்லை, மூளையில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். வேறு தொந்தரவு இல்லையென்றால் பயப்பட வேண்டாம்.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் கட்டத்தைப் பற்றி எழுதினார்கள். அப்போது எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவைச் சொல்லிவிடுவார்கள். மூளை விழிப்பில் இருப்பதுபோல் இயங்கினாலும் நினைவு பதிய உதவும் நோரட்ரினலின் என்ற ரசாயனம் அந்த நேரத்தில் மிகவும் குறைந்துவிடும். கனவு சட்டென்று மறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

பிரான்சின் லியோன் நகரில் ஆய்வாளர் பெரின் ரூபியின் குழுவினர் கண்டது இன்னும் சுவாரசியம். கனவு நன்றாக நினைவிருப்பவர்கள் இரவில் இடையிடையே விழித்திருந்த நேரம் சராசரியாக 30 நிமிடம், மற்றவர்களுக்கு 15தான். நடுவில் விழித்தால்தான் கனவு பதிய வாய்ப்பு. அசந்து தூங்கும் உங்களுக்கு அது கிடைப்பதில்லை. (மனைவி நன்றாகத் தூங்குகிறாரா என்று கேளுங்கள்!)

அப்புறம் அந்த அலாரம். கண் அசையும் கட்டம் விடியற்காலையில்தான் நீளும். அதைத்தான் நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள். விடுமுறை நாளில் அலாரம் இல்லாமல் தூங்கிப் பாருங்கள். விழித்ததும் புரளாமல், போனை எடுக்காமல் அப்படியே கிடந்து, மிச்சமிருக்கும் உணர்வைப் பிடித்துப் பின்னால் போங்கள்.

மனச்சோர்வு மாத்திரையும் இரவு மதுவும் அந்தக் கட்டத்தைக் குறைக்கும். மாத்திரை எடுப்பவரென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.