பார்த்து எழுதிய பூஜ்யம்

வணக்கம். டென்னசியில் வனவிலங்கு அறிவியல் முதுகலை படிக்கிறேன். இந்தக் கோடைக்கு இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, கருங்கரடிக் கணக்கெடுப்பில் களப்பணி: முள்கம்பியில் சிக்கிய கரடி முடியைச் சேகரிக்க வேண்டும். சம்பளம் குறைவு. பல நாள் ஒரு முடிகூடக் கிடைக்காது, அதெல்லாம் வீண் நாள் என்கிறார்கள் சீனியர்கள். இன்னொன்று, நாமே பணம் கட்டிச் சேரும் தனியார் முகாம். அங்கே கரடிகளை மிக அருகில் பார்க்கலாம், படமெடுக்கலாம். 'கரடி முடி பொறுக்கவா அமெரிக்கா போனாய்?' என்கிறார் அப்பா. எதில் சேரலாம்? விசா விதிகள் இடம் தருமா?
ரேவதி

அன்புள்ள ரேவதி,

விசா பற்றி உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே. சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வந்தால் சரி.

முகாம் வேண்டாம். கேமராவுக்கு அருகில் வந்து நிற்கும் கரடி, பெரும்பாலும் மனிதர் போட்டதைத் தின்று பழகிய கரடி. நாளை அது யார் வீட்டுக் குப்பைத்தொட்டியையாவது தேடி வரும், பல சமயம் அதைக் கொல்வதில் போய் முடியும். இதைப் பாடமாகவே படிக்கிற நீங்கள் அதற்குக் காசு கட்ட யோசிக்கலாமா? படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த 'வீண் நாள்' என்ற பேச்சுக்காக.

என் அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்தர். மழைமானி பார்ப்பதும் அவர் வேலை. தினமும் காலை எட்டரை மணிக்குப் போவார். மார்ச் மாத வெயிலிலும் போய், புனலை எடுத்து உள்ளே பார்த்துவிட்டு, நோட்டில் 0.0 என்று எழுதுவார். காய்ச்சலில் படுத்த நாட்களில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். "மழைதான் இல்லையே, சைபர் போட்டுடலாமே" என்று கேட்டேன். "நான் பாக்கலையே" என்றார்.

உங்கள் வேலையும் அதுதான். சில மரங்களைச் சுற்றி முழங்கால் உயரத்தில் முள்கம்பி, நடுவில் வாசனைப் பொருள். கரடி உள்ளே நுழையும்போது முள்ளில் முடி சிக்கும், அதன் வேரிலிருக்கும் டிஎன்ஏ அது எந்தக் கரடி என்று சொல்லும். முதல் சுற்றில் 20 கரடிகள், அடுத்த சுற்றில் 20, அதில் 10 முன்பே வந்தவை என்றால், முதல் சுற்றில் சிக்கியது மொத்தத்தில் பாதி, ஆக அங்கே சுமார் 40 கரடிகள் என்பது அடிப்படைக் கணக்கு. நிஜத்தில் கணக்கு இன்னும் சிக்கலானது. இடம், வாரம் எல்லாம் அதில் சேரும். அதனால்தான் முடி இல்லாத கம்பியும் தகவல். போய்ப் பார்த்து இல்லை என்றால் பூஜ்யம், மழைக்குப் பயந்து போகவில்லை என்றால் காலிக் கட்டம். போகாமலே பூஜ்யம் போட்டால், அங்கே வந்துபோன கரடியை நீங்கள் அழித்துவிட்டீர்கள். இரண்டு முள்ளில் இருந்த முடிகளை ஒரே உறையில் போட்டால், காட்டில் இல்லாத மூன்றாவது கரடி ஒன்று ஆய்வகத்தில் பிறக்கலாம். எவ்வளவு வேட்டைக்கு அனுமதி என்று முடிவு செய்பவர்கள் இந்த எண்களைத்தான் கையில் வைத்திருப்பார்கள். எடுத்த முடியைக் காகித உறையில்தான் போட வேண்டும், முள்ளில் மிச்சமிருப்பதை நெருப்பில் பொசுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஒன்றையும் விடாதீர்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் மைக்கேல் பெல்டன் என்ற ஆய்வாளர் 1968-ல் கரடி ஆய்வைத் தொடங்கினார். மரப்பொந்துகளில், தரையிலிருந்து வெகு உயரத்தில் அவை பனிக்காலத்தைக் கழிப்பதை விரிவாகப் பதிவு செய்தவர்கள் அந்தக் குழுவினர். ஓக் கொட்டை காய்க்காத வருடம் கரடிகள் பூங்காவை விட்டு வெளியே அலைகின்றன, அதில் நிறைய சாகின்றன, அடுத்த பனிக்காலத்தில் குட்டிகள் குறைகின்றன. ஒரு கோடையில் இது யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத எத்தனையோ மாணவர்கள் வருடக்கணக்கில் நிரப்பிய தாள்கள்தான் அதைச் சொல்கின்றன.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள், பாவம். அவருக்குத் தெரிந்த அமெரிக்காவில் கரடி இல்லை. வேலையில் சேர்ந்ததும் ஒரு நாள் தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

கரடிக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் உங்களைக் கண்டதும் விலகிப் போகும். உண்ணிக்குப் பயப்படுங்கள். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு போங்கள், திரும்பியதும் உடம்பு முழுக்கப் பார்த்துவிடுங்கள்.