கிலோ இறங்கினால் நஞ்சு இறங்கியதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரெஞ்சுத் தீவான நம் ரீயூனியனிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பூச்சிமருந்து, களைக்கொல்லி விற்பனைப் புள்ளிவிவரம் பற்றியவை. கரும்பு வெட்டு முடிந்ததும் எல்லோருக்கும் படிக்க நேரம் கிடைத்துவிட்டது போலும். மீதிப் பாதி வழக்கம்போல "மிளகாய்ச் செடியில் இலை சுருள்கிறது, என்ன அடிக்கலாம்?" என்ற ரகம். அவற்றுக்கு அடுத்த முறை பதில் வரும். இலையின் படத்தை அனுப்பாமல் கேட்டவர்களுக்கு அடுத்த முறையும் வராது.

பூச்சிமருந்துகளால் வரும் ஆபத்து ரீயூனியனில் குறைகிறதா, கூடுகிறதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
(லெ தாம்பொன் வாசகர்)

எந்த மருந்து? எந்த ஆண்டோடு ஒப்பிட்டு? ஆபத்து யாருக்கு: தெளிப்பவருக்கா, தேனீக்கா, ஊற்றுநீருக்கா? மூன்றும் ஒரே பக்கமாகப் போவதில்லை. ஒரே வார்த்தைதான் வேண்டும் என்றால், "எது?"

அட்ரசின் களைக்கொல்லி தடையாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னும் நம் தண்ணீரில் இருக்கிறது என்கிறார்கள். யாரோ திருட்டுத்தனமாக அடிக்கிறார்களா?
(சேன்-பெனுவா)

அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரான்சில் 2003ஆம் ஆண்டோடு அதன் பயன்பாடு முடிந்தது. ஆனால் அட்ரசினும் அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் நிலத்தடியில் மெதுவாக இறங்கும். எரிமலைப் பாறையின் இடுக்குகளில் தங்கி, மெதுவாகவே வெளியேறும். விற்பனைப் பட்டியலில் பூஜ்யமாகிவிட்ட பொருள் குழாய்நீர்ச் சோதனையில் தலைகாட்டுவது அதனால்தான். குடிநீரில் ஒரு பொருளுக்கு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்த்து 0.5 என்பது வரம்பு. விற்றது வேறு, தெளித்தது வேறு, தண்ணீரில் கிடப்பது வேறு. இதை நான் எத்தனையாவது தடவையாக எழுதுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஐயா, ஐரோப்பிய ஆபத்துக் குறியீட்டெண் 2011-13ஐவிடப் பாதியளவுக்கு இறங்கிவிட்டது என்று படித்தேன். எங்கள் கடையில் போகும் சரக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே. கணக்கு எங்கே இடிக்கிறது?
(விற்பனைக் கடை ஊழியர், சேன்-ஆந்திரே)

வாருங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நீங்கள் படித்தது எச்.ஆர்.ஐ-1 என்ற எண். 2019இல் ஐரோப்பிய ஆணையம் இதை வகுத்தது. வேலை செய்யும் விதம் எளிது. ஆண்டுதோறும் விற்ற செயற்பொருள்களை, அதாவது மருந்தில் உண்மையில் வேலை செய்யும் சரக்கை, கிலோவில் எடுத்துக்கொள்வார்கள். அவற்றை நான்கு கூடைகளில் போடுவார்கள். ஆபத்துக் குறைவானவை என்று பட்டியலிட்டவற்றை 1ஆல் பெருக்குவார்கள்; சாதாரண அனுமதி பெற்றவற்றை 8ஆல்; மாற்று கிடைத்தால் விலக்கத்தக்கவை என்று குறித்தவற்றை 16ஆல்; அனுமதி இல்லாதவற்றை 64ஆல். கூட்டி, 2011 முதல் 2013 வரையிலான சராசரியை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 1, 8, 16, 64 ஆகியவை எந்த எலிச் சோதனையிலிருந்தோ மீன் சோதனையிலிருந்தோ வந்தவை அல்ல. எந்தப் பொருளைக் குறைக்க விரும்புகிறோம் என்ற கொள்கையைச் சொல்ல வைத்த எண்கள். அதில் தவறில்லை, அதை அப்படியே சொல்லியிருந்தால்.

என் மனக்குறை அடுத்த படியில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு இன்று அனுமதி போனால், அதன் 64 இன்றிலிருந்து மட்டும் தொடங்குவதில்லை. பின்னோக்கி 2011 வரை ஓடுகிறது. உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள், கற்பனைக் கணக்குதான். அடிப்படைக் காலத்தில் 'அ' மருந்து 10 டன், 'ஆ' மருந்து 10 டன் விற்றீர்கள். இரண்டுக்கும் பெருக்கெண் 8. மொத்தம் 160. பிறகு 'அ' தடையாகிறது. வாடிக்கையாளர்கள் அனைவரும் 'ஆ'வுக்கு மாறி 20 டன் வாங்குகிறார்கள். இப்போதும் 160தான். ஆனால் குறியீட்டெண்ணில் 'அ'வின் பழைய 10 டன் 64ஆல் பெருகி 640 ஆகிவிட்டது. அடிப்படை 160இலிருந்து 720க்கு ஏறிவிட்டது. 720ஐ 100 என்று வைத்தால் இன்றைய 160 என்பது 22. விற்ற டன் மாறவில்லை, தெளித்த நிலம் மாறவில்லை, ஆபத்து மட்டும் 78 சதவீதம் "குறைந்து" விட்டது.

நம் கரும்புக்காரர்கள் நன்கு அறிந்த எஸ்-மெட்டோலாக்ளோர் களைக்கொல்லிக்கு நடந்ததும் இதுதான். நிலத்தடி நீரில் அதன் சிதைபொருள்கள் சேர்வதால் பிரான்சில் 2023இல் முக்கிய அனுமதிகள் போயின. 2024இல் ஐரோப்பிய அனுமதியும் போயிற்று. போனது நல்லது, அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. ஆனால் அதன் இடத்தில் என்ன வந்தது என்று கேட்காமலேயே வரைகோடு சறுக்குகிறதே, அதுதான் தொல்லை. பட்டியல் ஆண்டுக்காண்டு மாறுவதால், ஒரே ஆண்டுக்குச் சென்ற வெளியீட்டில் ஓர் எண்ணும் இந்த வெளியீட்டில் வேறோர் எண்ணும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் 2021 வரை விற்ற மொத்த அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய 3,50,000 டன்னைச் சுற்றியே நின்றது. குறியீட்டெண்ணோ அந்தக் காலம் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை.

இரண்டாவது ஓட்டை, கிலோ. கந்தகத்தை ஹெக்டேருக்கு 6 கிலோ அடித்தால், பெருக்கெண் 8, மொத்தம் 48. லாம்ப்டா-சைஹாலோத்ரின் என்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி ஹெக்டேருக்கு 7.5 கிராம் போதும். அது விலக்கத்தக்கவை கூடையில் இருப்பதால் 16ஆல் பெருக்கினாலும் 0.12தான். ஆக, இயற்கை வேளாண்மையிலும் அனுமதித்த கந்தகம், தேனீக்கும் ஓடை இறாலுக்கும் எமனான பைரித்ராய்டைவிட 400 மடங்கு ஆபத்து! ஒரு கிலோ சுசுவையும் (சௌசௌ) ஓர் ஊசிமிளகாயையும் தராசில் நிறுத்தி, எடை கூடியதுதான் காரம் என்று சொல்கிற கணக்கு இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டேன். திரையில் இறங்கும் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தவர், "ஐரோப்பா முழுவதும் ஒப்புக்கொண்ட முறை" என்று மட்டும் சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றமே 2020ஆம் ஆண்டு அறிக்கையில், ஆபத்தை அளப்பதிலும் குறைப்பதிலும் முன்னேற்றம் குறைவு என்று எழுதியதை எடுத்துக்காட்ட அன்று எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

பிரான்ஸ் முழுவதற்குமான எண் இறங்கினால் நம் தீவிலும் இறங்கியது என்று பொருளா?
(சேன்-லூயி)

இல்லை. அந்த எண்ணில் நம் தீவின் விற்பனை கடலில் கரைத்த பெருங்காயம். போர்தோ திராட்சைக்காரர்கள் இருமினால் எண் ஆடும்; நாம் தலைகீழாக நின்றாலும் ஆடாது. இங்கே விற்பதில் பெரும்பகுதி கரும்புக் களைக்கொல்லி. அங்கே கோதுமையும் திராட்சையும். தீவின் விற்பனைத் தரவு தனியே கிடைக்கிறது, அதைப் பாருங்கள்.

முன்பு ஹெக்டேருக்கு 2 கிலோ களைக்கொல்லி அடித்தேன். இப்போது சில கிராம் போதுமான புதிய மருந்துக்கு மாறிவிட்டேன். ஆபத்தை நூறு மடங்கு குறைத்தேன் என்று பெருமைப்படலாமா?
(கரும்பு விவசாயி, சேன்-பியேர்)

வேண்டாம். குறைந்த அளவில் கொல்கிறது என்றால் வீரியம் கூடியது என்றுதான் பொருள். பிரான்சில் 'நோது' என்றோர் எண் இருந்ததே, அது இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான் வந்தது. விற்ற கிலோவை, அந்தந்தப் பொருளின் ஒரு டோஸால் வகுத்து, எத்தனை டோஸ் என்று எண்ணும். உங்கள் 2 கிலோவும் ஒரு டோஸ், புதிய சில கிராமும் ஒரு டோஸ். பெருமைக்கு இடமில்லை. 2008இல் தொடங்கிய எக்கோஃபித்தோ திட்டம், மருந்துப் பயன்பாட்டைப் பத்தாண்டில் பாதியாக்குவோம் என்று இந்த நோதுவைக் கொண்டுதான் அளந்தது. இறங்கவில்லை. இலக்கு 2025க்குத் தள்ளிப் போனது, பிறகு 2030க்கு. 2024ஆம் ஆண்டு டிராக்டர் மறியல்களுக்குப் பிறகு அரசு நோதுவை ஒதுக்கிவிட்டு எச்.ஆர்.ஐ-1ஐ முன்னால் கொண்டுவந்தது. காய்ச்சல் இறங்கவில்லை என்றால் வெப்பமானியை மாற்றுவதும் ஒரு வைத்தியம்தான்.

நோதுவும் ஆபத்தை அளப்பதில்லை, எத்தனை தடவை தெளிக்கிறோம் என்பதைத்தான் சொல்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் செண்டுமல்லியில் பேன் பிடித்திருக்கிறது. மொரீஷியசிலிருந்து என் மைத்துனர் ஒரு புட்டி மருந்து கொண்டுவந்தார். நல்ல மருந்தாம். எத்தனை மூடி கலக்கலாம்?
(சேன்-துனி)

ஒரு மூடியும் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் வீட்டுத் தோட்டக்காரர்கள் இரசாயன மருந்து வாங்குவதும் வைத்திருப்பதும் அடிப்பதும் பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். மருந்தின் பெயரைக்கூட எழுதாமல் எத்தனை மூடி என்று கேட்கிறீர்கள்! லேபிளைப் பாருங்கள், லேபிளைப் பாருங்கள் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன். பேனுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். உங்கள் புட்டி எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. சாமிக்குக் கட்டும் மாலையில் மட்டும் வரும்.

சலாசியில் சுசுப் பந்தலுக்கு மருந்தை நிறுத்தியவர்களின் முயற்சி இந்தக் குறியீட்டெண்களில் தெரியுமா?
(சலாசி)

அநேகமாகத் தெரியாது, அதுதான் வருத்தம். 2009 வாக்கில் தொடங்கிய கமூர் திட்டத்தில் பழ ஈக்களை மருந்தில்லாமல் அடக்கினீர்கள்: விழுந்த காயைப் பொறுக்கி வலைக்கூடாரத்தில் அடைத்தீர்கள், ஓரத்தில் சோளம் போட்டு ஈயை அங்கே இழுத்தீர்கள். வாங்காத மருந்துக்கு ரசீது இல்லை. கரும்பு வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவுக்கும் இதே கதைதான். மடகாஸ்கரிலிருந்து வந்த அந்தப் புழுவைப் போவேரியா பூஞ்சை அடக்கி வைத்ததால் எத்தனை டன் மண்மருந்து மிச்சமானது என்பதற்கு எந்தக் குறியீட்டெண்ணிலும் பத்தி இல்லை.

தடை செய்த அசுலாம் களைக்கொல்லிக்குக் கரும்பில் விதிவிலக்கு கொடுத்தார்களே. அதுவும் ஆபத்துக் கணக்கில் சேருமா?
(சேன்-சூசான்)

விற்ற கிலோ எச்.ஆர்.ஐ-1இல் 64ஆல் பெருகும். விதிவிலக்கு என்பது 120 நாள் அவசர அனுமதி. அத்தகைய அனுமதிகளை எண்ணுவது எச்.ஆர்.ஐ-2. அது அனுமதித் தாள்களைத்தான் எண்ணுகிறது, நிலத்தை அல்ல. 50 ஹெக்டேருக்குக் கொடுத்தாலும் ஒன்று, 50,000 ஹெக்டேருக்குக் கொடுத்தாலும் ஒன்று.

மொரீஷியசில் ஹெக்டேருக்கு நம்மைவிடப் பல மடங்கு மருந்து என்று ஓர் அட்டவணை சுற்றுகிறதே, உண்மையா?
(இரண்டு தீவிலும் உறவுள்ள ஒரு வாசகி)

எதை எதால் வகுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். இறக்குமதிதான் ஒரே தரவு என்றால், துறைமுகத்தில் இறங்கியதெல்லாம் வயலுக்குப் போனதாக ஆகிவிடும். புட்டியின் எடையா, செயற்பொருளின் எடையா என்பதிலேயே இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வரலாம். காய்கறி நிலத்தில் ஆண்டுக்கு மூன்று நான்கு போகம் எடுத்து, நிலத்தை ஒரே தடவை எண்ணினால் எண் எகிறும். மொரீஷியசும் 2018இல் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டுக்கெனத் தனிச் சட்டம் போட்டிருக்கிறது. உறவினர் வீட்டு விருந்தில் அந்த அட்டவணையை எடுத்துச் சண்டை போடாதீர்கள்.

2018இல் விற்பனை ஏறி 2019இல் விழுந்ததே, ஒரே ஆண்டில் விவசாயிகள் திருந்திவிட்டார்களா?
(சேன்-ஜோசப்)

2019 ஜனவரியில் மருந்து வரி ஏறியது. முந்தைய டிசம்பரில் எல்லோரும் கொட்டகையை நிரப்பிக்கொண்டார்கள். மூன்றாண்டுச் சராசரியைப் பாருங்கள். விற்றது வேறு, தெளித்தது வேறு.

பட்டப்படிப்பு ஆய்வுக்கு எந்தக் குறியீட்டெண்ணை எடுக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.
(மாணவி, சேன்-துனி)

திங்கட்கிழமைக்கு எந்தக் குறியீட்டெண்ணும் உதவாது. அவகாசம் வாங்கிக்கொண்டு இரண்டைப் படியுங்கள். டென்மார்க் 2013 முதல் தன் மருந்து வரியையே 'சுமை' என்ற எண்ணில் கட்டியிருக்கிறது: தெளிப்பவரின் உடல்நலம், மண்ணிலும் நீரிலும் தங்கும் தன்மை, உயிரினங்களுக்கான நச்சு மூன்றையும் சேர்த்து. இன்னொன்று மொத்தத் தெளிப்பு நச்சு. கிலோவை ஒவ்வோர் உயிரினத்துக்கும் உள்ள நச்சு வரம்பால் வகுப்பது. அமெரிக்கத் தரவை இப்படிக் கணக்கிட்டு 2021இல் வந்த ஆய்வில், பூச்சிக்கொல்லியின் கிலோ இறங்கியும் மகரந்தப் பூச்சிகளுக்கும் நீரில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களுக்குமான நச்சு ஏறியிருந்தது. 2022இல் உலக நாடுகள் பல்லுயிர் ஒப்பந்தத்தில் மருந்து அபாயத்தை 2030க்குள் பாதியாக்க ஒப்புக்கொண்டன. அதை எதைக் கொண்டு அளப்பது என்ற சச்சரவில் இந்த எண்ணும் ஒன்று. பறவைக்கு ஒரு கோடு, மீனுக்கு ஒரு கோடு, தேனீக்கு ஒரு கோடு என்று தனித்தனியாக வரையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் போட்டுக் கொண்டுவந்தால் நான் படிக்க மாட்டேன்.

காலமான என் மாமனாரின் கொட்டகையில் பெயர் அழிந்த மூன்று கேன் இருக்கின்றன. என்ன செய்வது?
(பெத்தித்-ஈல்)

ரவீனில் (மலை ஓடைப் பள்ளத்தில்) கொட்டாதீர்கள், வேறு பாத்திரத்துக்கு மாற்றாதீர்கள், என்ன மருந்து என்று பார்க்க மூடியைத் திறந்து முகராதீர்கள். பழைய மருந்துகளைச் சேகரிக்கும் நாள் எப்போது என்று வேளாண் மன்றத்தில் கேளுங்கள். அதுவரை பூட்டி வையுங்கள், சாவி குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. விற்பனைக் கணக்கைப் பொறுத்தவரை அந்த மூன்று கேனும் வாங்கிய வருடமே தெளித்து முடிந்துவிட்டன.